ஓசியில கேட்ட கேள்வி

போன வாரம் ஒரு கல்யாணத்துல பழைய மெடிக்கல் ரெப் ஒருத்தன பாத்தேன், என் கூட தேனி லைன்ல பைக்ல சுத்துனவன். பந்தில பக்கத்துல வந்து உக்காந்தவன் சாம்பார் ஊத்துற நேரமா பாத்து காதுக்கிட்ட கேட்டான், "ஏன் மாப்ள, யாரோ கோச்சம்மாவுக்கு இருபத்தி நாலாயிரம் குடுத்தியாமே, அப்படி என்னடா சொல்லுச்சு அது?" சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன், ஒண்ணும் வரல. ஏன்னா அந்தம்மா கேரியர் கோச், கேள்வி கேட்டு நம்மளயே வழி தேட வைக்கிறவங்க, அவங்களா ஒண்ணுமே சொல்லல. ஆறு செஷன், செஷனுக்கு ஒரு மணி நேரம், நாலாயிரம் ரூபா. ஒரு தடவ கூட "நீங்க இந்த வேலைக்குப் போங்க"ன்னு அவங்க வாயில இருந்து வந்ததில்ல. ஆனா 14 வருஷமா தூக்குன பேக்க எறக்கி வச்சுட்டு நான் இப்ப ஒரு ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோர்ஸ்ல உக்காந்திருக்கேன். இதுக்கு நடுவுல என்ன நடந்துச்சுங்கறத ரசம் வர்றதுக்குள்ள சொல்லி முடிக்க முடியல, அவனும் பாயாசம் வந்ததும் மறந்துட்டான், எனக்குத்தான் அது அப்படியே நின்னுக்கிட்டு இருக்கு.

மெடிக்கல் ரெப் வேல என்னன்னு தனியா சொல்ல வேண்டியதில்ல. கிளினிக்ல டோக்கன் வாங்கிட்டு நீங்க உக்காந்திருக்கும்போது டை கட்டிக்கிட்டு ஓரமா ஒருத்தன் நிப்பானே, நீங்க காய்ச்சல்ல கெடக்கும்போது அவன் பாட்டுக்கு உள்ள போயிட்டு வருவானே, பல்லக் கடிச்சுக்கிட்டு பாப்பீங்களே, அவன்தான் நான். 2011ல சேந்தேன். ஹெட்குவார்ட்டர்ஸ் மதுரை, திருமங்கலம் உசிலம்பட்டி பக்கமெல்லாம் போயிட்டு அன்னிக்கே திரும்பிரலாம், தேனி போடி கம்பம்னா ராத்திரி லாட்ஜ்தான். மூணு கம்பெனி மாறுனேன், கடைசி கம்பெனில மட்டும் ஒம்போது வருஷம். நல்ல ரெப்புனு பேரு. 2017ல ரீஜன்ல முதல் எடத்துக்கு ஒரு கண்ணாடி ஷீல்டு குடுத்தாங்க, அது டிவி பக்கத்துலதான் இருக்கு, என் பையன் அதுல ரப்பர் பேண்டு மாட்டி வப்பான்.

மனசு மாறுனது ஒரு ராத்திரி. கம்பத்துல ஒரு டாக்டருக்காக எட்டு மணில இருந்து காத்துக்கிட்டு இருந்தேன், மாசக்கடைசி, அந்த விசிட் முடிஞ்சாதான் அந்த ஊரு கணக்கு நேராகும். பத்தே முக்காலுக்கு டாக்டர் வெளிய வந்து, கார் சாவிய தேடிக்கிட்டே "இன்னிக்கு முடியாதுப்பா, அடுத்த விசிட்ல பாக்கலாம்"னுட்டுப் போயிட்டாரு. இது புதுசில்ல, மாசத்துக்கு நாலு தடவ நடக்கும், அன்னிக்கெல்லாம் டீக்கடைல நின்னு கெட்ட வார்த்தைல திட்டிட்டு லாட்ஜுக்குப் போவோம். அன்னிக்கு எனக்குக் கோவமே வரல. அப்பாடான்னு இருந்துச்சு. உள்ள போயி பேச வேண்டியதில்லன்னு தெரிஞ்ச ஒடனே தோள்ல இருந்து ஏதோ எறங்குன மாதிரி. லாட்ஜுல படுத்துக்கிட்டு அந்த அப்பாடாவ நெனச்சு நெனச்சு பயந்துக்கிட்டே இருந்தேன், ஏன்னா வீட்டு லோன் இன்னும் பதினோரு வருஷம் பாக்கி.

சரி, வேற என்ன பண்றதுன்னு நாலு பேர்கிட்ட கேட்டேன், எல்லார் வாயிலயும் ஒரே பதில்தான்: "உனக்கென்னப்பா, வாய் இருக்கு, பொழச்சுக்குவ." இன்சூரன்ஸ் எடுன்னாங்க, பிளாட் வித்துக் குடுன்னாங்க, டீக்கடை பிராஞ்சைஸ்னாங்க. மெடிக்கல் ஷாப் போடுன்னு சொன்னவங்கதான் அதிகம், அவங்களுக்கு 1948 சட்டத்தப் பத்தித் தெரியாது, பதிவு பண்ண பார்மசிஸ்ட் இருந்தாத்தான் மருந்து எடுத்துக் குடுக்க முடியும், நான் படிச்சது பிஎஸ்சி விலங்கியல். மருந்த டாக்டருக்கே விளக்கிச் சொல்லலாம் ஆனா ஒரு அட்டை மாத்திரை எடுத்து நீட்டக் கூடாது, இதுதான் ரெப் பொழப்பு.

எந்தப் பரீட்சைக்கு?

அதுக்கப்புறம்தான் இந்த கோச் சமாச்சாரம். மொதல்ல போன்ல வந்த விளம்பரத்தப் பாத்து 99 ரூபா கட்டி ஒரு வெபினார்ல உக்காந்தேன். ரெண்டு மணி நேரம் ஒருத்தர் அவரோட காரக் காட்டிக்கிட்டு இருந்தாரு, கடைசில 49,999 ரூபா பேக்கேஜ், திரையில ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடுது, இன்னும் பதிமூணு நிமிஷத்துல ஆஃபர் முடியுதாம். யார்கிட்ட. நாங்க ஸ்டாக்கிஸ்ட்கிட்ட, அதாவது மருந்து மொத்த வியாபாரிகிட்ட, மாசக்கடைசில ஸ்டாக்க தலையில கட்டுறப்ப பண்ற அதே வேல. மூடிட்டு சாப்பிடப் போயிட்டேன். ரெண்டாவது கெடச்சவங்கதான் மேடம், கோயம்புத்தூர்ல இருக்காங்க, ஒரு மில்லுல இருபது வருஷம் எச்ஆர்ல இருந்துட்டு இதுக்கு வந்தவங்க. தெரிஞ்ச ஒருத்தர் நம்பர் குடுத்தாரு.

வீட்ல சொன்னப்ப அப்பா கேட்ட மொதல் கேள்வி, "எந்தப் பரீட்சைக்குடா கோச்சிங்?" அவரு மேல தப்பில்ல, நம்ம ஊர்ல கோச்சிங்னா டிஎன்பிஎஸ்சி, நீட், இல்லாட்டி கோச்னா எஸ்-5, எஸ்-6. பின்னாடி படிச்சப்பதான் தெரிஞ்சுது அவரு நெனச்சது ரெண்டுமே வழி தவறாமத்தான் போயிருக்குன்னு. ஹங்கேரில கோச்னே ஒரு கிராமம் இருக்கு, அங்க செஞ்ச குதிர வண்டிக்கு அந்த ஊர் பேரே வந்துச்சு, அப்புறம் 1830 வாக்குல ஆக்ஸ்போர்டு பசங்க பரீட்சைல தள்ளிவிட்டு கர சேக்குற வாத்தியார கோச்னு கிண்டலா கூப்பிட ஆரம்பிச்சாங்க. அதாவது ரயில் பெட்டியும் பரீட்சை வாத்தியாரும் ஒரே வண்டில வந்தவங்கதான்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிட்டுப் போறேன், நம்ம நாட்டுல கோச்னு போர்டு மாட்ட லைசென்ஸ் எதுவும் வேண்டாம். நாளைக்கே நானும் மாட்டலாம். 1995ல ஆரம்பிச்ச ஐசிஎஃப்னு ஒரு சர்வதேச அமைப்பு இருக்கு, அவங்க குடுக்குற சான்றிதழுக்கு மட்டும் மணி நேரக் கணக்கு உண்டு, கீழ் படிக்கு நூறு மணி நேரம் கோச்சிங் பண்ணியிருக்கணும், அடுத்த படிக்கு ஐநூறு. மேடம்கிட்ட ரெண்டாவது படி இருந்துச்சு. அது இருந்தா நல்ல கோச்சுனு அர்த்தம் இல்ல, ஐநூறு மணி நேரம் யாரோ ஒருத்தர் முன்னாடி உக்காந்து கேட்டிருக்காங்கன்னு மட்டும்தான் அர்த்தம்.

மொத ரெண்டு செஷனும் எரிச்சல்தான். கேள்வி கேட்டா கேள்வியாவே திரும்பி வருது. "மேடம், நான் ஆஸ்பத்திரி மார்க்கெட்டிங் பக்கம் போகலாமா?" "போனா என்ன மாறும்னு நெனக்கிறீங்க?" எனக்கு அந்த வித்த தெரியும். ஆமா இல்லன்னு ஒத்த வார்த்தைல முடிக்க முடியாத மாதிரி டாக்டர்கிட்ட கேள்வி கேக்கணும்னு எங்களுக்கு இண்டக்‌ஷன்லயே சொல்லிக் குடுத்துருவாங்க, ரோல்பிளே வேற நடக்கும். அத என்கிட்டயே திருப்புறாங்களேன்னு இருந்துச்சு. அதுக்கும் ஒரு முறை இருக்கு, குறிக்கோள், இப்ப இருக்குற நெலம, என்னென்ன வழி, எத செய்யப் போற, இப்படி நாலு படி, அதப் பரப்புனவர் ஜான் விட்மோர்னு ஒரு பழைய கார் ரேஸ் காரர். ரேஸ் ஓட்டுனவர் பரப்புன முறைல இவ்வளவு மெதுவா போறாங்களேன்னு நெனச்சுக்கிட்டேன். ஒரு வட்டம் வரஞ்சு வாழ்க்கைய எட்டாப் பிரிச்சு பத்துக்கு மார்க் போடச் சொன்னாங்க பாருங்க, அன்னிக்கே நிறுத்திரலாம்னு இருந்தேன். எட்டாயிரம் போயிருச்சே, போன காசுக்காவது மிச்சத்தப் பாப்போம்னுதான் மூணாவதுக்கு உக்காந்தேன். கஞ்சத்தனம் சில நேரம் நல்லது பண்ணும்.

டைரி

மூணாவது செஷன்ல ஒரு வேல குடுத்தாங்க. ரெண்டு வாரம், தெனமும் ராத்திரி, அன்னிக்கு செஞ்சத நேரத்தோட எழுதணும். நேரம் போனதே தெரியாத எடத்துல ஒரு டிக், எப்படா முடியும்னு இருந்த எடத்துல ஒரு பெருக்கல் குறி. காரணம் எழுதக் கூடாது, நல்லது கெட்டது எழுதக் கூடாது, குறி மட்டும். "ஒரு நோட்டு வாங்கிக்கோங்க சார்"னாங்க. டைரிக்கா பஞ்சம் எங்க வீட்ல? 2024 மார்ச்சுல வந்த புது விதில டாக்டருக்கு பரிசு, டூரெல்லாம் போயிருச்சு, ஆனா ஆயிரம் ரூபாய்க்குள்ள டைரி காலண்டர் குடுக்கலாம்னு விட்டு வச்சிருந்தாங்க, அதனால டைரி மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு. எங்க அசிடிட்டி மாத்திரை பேரு தங்க எழுத்துல போட்ட 2025 டைரி ஒண்ண எடுத்து எழுத ஆரம்பிச்சேன்.

பொய் சொல்லக் கூடாது, மொத நாலு நாளு நானே ஜோடிச்சு எழுதுனேன். டிசிஆர், அதாவது தெனமும் எந்த டாக்டரப் பாத்தோம்ங்கற ரிப்போர்ட், போட்டுப் பழகுன கை அது, பாக்காத டாக்டரப் பாத்ததா எழுதுற கை. அஞ்சாவது நாளு டயர்டுல நெசத்த எழுதிட்டேன், அதுக்கப்புறம் அதுதான் சுலபமா இருந்துச்சு.

நாலாவது செஷன். ஜூம்ல டைரிய கேமரா முன்னாடி காட்டப் போனேன், வேண்டாம்னுட்டாங்க. "டிக் போட்டது மட்டும் வாசிங்க சார், நேரத்தோட." வாசிச்சேன். உசிலம்பட்டி, மெடிக்கல் ஷாப், நாலு பத்துல இருந்து அஞ்சு நாப்பது. மேலூர், மெடிக்கல் ஷாப், பன்னெண்டு மணி. மதுரை, ஸ்டாக்கிஸ்ட் குடோன், சாயங்காலம் பூராவும். திரும்பவும் உசிலம்பட்டி. மொத்தம் ஒம்போது டிக். பையனோட கேரம் விளாண்டது ஒண்ணு, ஞாயித்துக்கிழம மீன் வாங்கப் போனது ஒண்ணு, மிச்சம் ஏழும் கடையும் குடோனும். டாக்டர் ரூமுக்குள்ள ஒரு டிக் கூட இல்ல.

"அந்த உசிலம்பட்டி ஒன்றரை மணி நேரம் என்ன பண்ணீங்க?"ன்னாங்க. ஆர்சிபிஏக்குப் போனேன், அதாவது எந்த டாக்டர் எந்தக் கம்பெனி மருந்து எழுதுறாருன்னு கடையில பில்லப் பாத்து எண்ற வேல, பத்து நிமிஷம்தான் ஆகும். அன்னிக்கு அந்த அண்ணாச்சி கவுண்டருக்கு அடியில இருந்து ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டிய இழுத்தாரு, உள்ள பூராவும் தேதி முடிஞ்சதும் முடியப் போறதும் கலந்து கெடக்கு. சும்மா ஒண்ண எடுத்துப் பாத்தேன், அப்புறம் தரையிலயே உக்காந்துட்டேன். கம்பெனி வாரியா பிரிச்சு, அதுக்குள்ள மாசவாரியா அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, மேல துண்டுச்சீட்டுல எண்ணிக்கை எழுதி வச்சேன். எத இந்த வாரமே திருப்பி அனுப்பணும், எத இன்னும் ரெண்டு மாசம் முன்வரிசைல வச்சு ஓட்டலாம், எது இனிமே குப்பைன்னு மூணு அடுக்கு. எங்க கம்பெனி மருந்து அதுல நாலே நாலு ஸ்டிரிப்புதான். பக்கத்து டேபிள்ல டீ ஆறிப்போயி ஆடை கட்டியிருந்துச்சு. ரெண்டு டாக்டர் விசிட் மிஸ் ஆயிருச்சு, எங்க ஏரியா மேனேஜர் ஏபிஎம் சார் போன எடுக்கல. இதெல்லாம் சொல்லிட்டு, "ஆனா மேடம், அது சும்மா, அந்தாளு பாவம்னு பண்ணேன், என் வேல பேசுறது"ன்னேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. முகம் அப்படியே நிக்குது. நெட்டு போயிருச்சுனு நெனச்சு "மேடம், கேக்குதா? மேடம்?"ன்னேன். "கேக்குது சார். நீங்க யோசிக்கிறீங்கன்னு நெனச்சேன்"னாங்க. நான் எங்க யோசிச்சேன், ஆனா அவங்க அப்படி சொன்னதுக்கு அப்புறம் வேற வழியில்லாம யோசிக்க வேண்டியதாப் போச்சு. பதினாலு வருஷம் எல்லாரும் என் வாயப் பாத்து வேல சொன்னாங்க, நானும் வாய்தான் என் முதல்னு நெனச்சுட்டேன். எனக்குப் பேச வரும், அது நெசம். பேசி முடிச்சதும் கை காலெல்லாம் வலிக்குற மாதிரி இருக்கும், அதுவும் நெசம், அத அலைச்சல்னு நெனச்சிருந்தேன். அட்டைப்பெட்டி முன்னாடி உக்காந்திருந்தப்ப முட்டி ரெண்டும் மரத்துப் போச்சு, அது வலியாவே தெரியல. இதெல்லாம் அவங்க சொல்லல, நான்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன், ஒரு கட்டத்துல தொண்ட அடைச்சு தண்ணி குடிக்கப் போயிட்டேன்.

ராத்திரி வீட்டம்மாகிட்ட சொன்னேன், பெருமையாத்தான் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு அவ சொன்னா, "மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே கட்டில்ல உக்காந்து நான் கேட்டேன், உங்களுக்கு என்னதான்ங்க புடிக்கும்னு. மூஞ்சத் தூக்கிட்டு மாடிக்குப் போயிட்டீங்க. நான் ஓசியில கேட்டேன், அந்தம்மாவுக்கு நாலாயிரம் குடுத்து பதில் சொல்லியிருக்கீங்க."

அவ சொன்னது அப்படியே உண்ம. கேட்டா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா அன்னிக்கு அது என் காதுல கேள்வியா விழல, குறையா விழுந்துச்சு, புடிக்காத மூஞ்சியோட வீட்ல திரியிறீங்கன்னு சொல்றாளோன்னு. அதே கேள்விய ஏபிஎம் சார் கேட்டிருந்தா டார்கெட் வரலங்கறதுக்கு முன்னுரைனு நெனச்சிருப்பேன், அப்பா கேட்டிருந்தா அந்தக் காலத்துல பேங்க் பரீட்ச எழுதச் சொன்னேனேனு முடியும். என்கிட்ட அக்கறை இருக்குற எல்லாருக்கும் என் பதில்ல ஒரு பங்கு இருந்துச்சு. நான் என்ன சொன்னாலும் யாரோ ஒருத்தருக்கு ஈஎம்ஐ இடிக்கும், யாரோ ஒருத்தருக்கு கௌரவம் இடிக்கும், அதனால பதில் வாய்க்கு வர்றதுக்கு முன்னாடியே நான் திருத்திருவேன். மேடத்துக்கு நான் ஸ்டோர்ஸ் போனாலும் ஒண்ணுதான், சர்க்கஸ் போனாலும் ஒண்ணுதான். அந்த ஒட்டாத காதுக்குத்தான் காசு குடுத்தேன்னு இப்பத் தோணுது. ஆனா இத வீட்டம்மாகிட்ட சொல்லிப் பாத்தேன், "அப்ப நான் ஒட்டுனது தப்பா?"ன்னா. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, இன்னிக்கு வரைக்கும் இல்ல.

மேடம் சொல்லாதது

புகழ்ந்துக்கிட்டே போனா விளம்பரம் மாதிரி ஆயிரும், அதனால மனத்தாங்கலையும் சொல்லிர்றேன். அவங்க பண்ண நல்லது, ஒடனே ராஜினாமா எழுத விடல. "மூணு ஞாயித்துக்கிழம அந்த வேலைய சும்மா செஞ்சு பாக்க வழி இருக்கா?"ன்னு கேட்டாங்க. ஒரு ஆஸ்பத்திரி ஸ்டோர்ஸ்ல தெரிஞ்ச பையன் இருந்தான், போயி உக்காந்தேன். முதல்ல தேதி முடியிறது முதல்ல வெளிய போகணும், இன்சுலின் இருக்குற ஃபிரிட்ஜ் ரெண்டுல இருந்து எட்டு டிகிரிக்குள்ள நிக்கணும், அத காலைலயும் சாயங்காலமும் சார்ட்டுல எழுதணும், ஷெட்யூல் எச்1ங்கற கட்டுப்பாட்டு மருந்துக்கு தனி ரெஜிஸ்டர், மூணு வருஷம் வச்சிருக்கணும். பேரும் அட்டையும் ஒரே மாதிரி இருக்குற ரெண்டு மருந்த பக்கத்துப் பக்கத்துல வைக்கவே கூடாதுன்னு அந்தப் பையன் சொன்னப்ப, கம்பெனிக்காரங்க ஏன் அட்டைய அப்படி வேணும்னே ஒரே கலர்ல அடிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும், நாங்க அத மீட்டிங்ல கைதட்டிப் பாத்திருக்கோம்.

ஆனா காசு பேச்சு வந்தாலே மேடம் கேள்விய என் பக்கம் திருப்பிட்டு ஒதுங்கிருவாங்க. இன்சென்டிவ், டிஏ எல்லாம் சேத்து 62,000 வந்த எடத்துல இப்ப 36,000. கிராஜுவிட்டி கணக்கு நானே போட்டேன், பேசிக் 24,000, பதினஞ்சு நாள் சம்பளம், இருபத்தாறால வகுத்து ஒம்போதால பெருக்குனா ஒண்ணே கால் லட்சத்துக்கு கொஞ்சம் கம்மி, அது லோன்ல போட்டாச்சு. பெரிய அடி இன்சூரன்ஸ்ல. கம்பெனி குரூப் பாலிசில அப்பாவும் இருந்தாரு, சுகரு, பிபி எல்லாம் மொத நாள்ல இருந்தே கவர். கடைசி வேல நாளோட அது நின்னு போச்சு. இருக்கும்போதே கேட்டிருந்தா அதே இன்சூரன்ஸ்காரங்ககிட்ட தனி பாலிசிக்கு மாத்திக்கிட்டு, ஓடுன வருஷத்தையும் கழிச்சிருக்கலாம். இது எனக்குத் தெரிஞ்சது மூணு வாரம் கழிச்சு, டீக்கடைல, ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் வாயால, அவரு எனக்கு ஒரு பைசா சார்ஜ் பண்ணல. இப்ப புது பாலிசில அப்பாவோட பழைய வியாதிக்கு மூணு வருஷம் காத்திருக்கணும். 2028 வரைக்கும் அவரு மாடிப்படி ஏறுனா நான் கீழ நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன். மேடத்துக்கு போன் பண்ணி சொன்னேன், "இத நான் கேட்டிருக்கணும்"னு ஒத்துக்கிட்டாங்க. அது ஒண்ணுதான் அவங்க கேள்விக்குறி இல்லாம பேசுன வாக்கியம்.

வேல கெடச்சதுக்கும் ரெஸ்யூமேக்கும் சம்பந்தம் இல்ல, குடோன் ஸ்டாக்கிஸ்ட் ஒருத்தர்தான் சொல்லி விட்டாரு. 2025 ஜூன்ல சேந்தேன். செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி பன்னெண்டுல இருந்து அஞ்சுக்கு எறங்குச்சு பாருங்க, பழைய ஸ்டிரிப்புல பழைய எம்ஆர்பி, பில்லுல புது வெல, கம்பெனிக்கு ஒரு பட்டியல், அந்த வாரம் ஸ்டோர்ஸ்ல எல்லாரும் தலைல கை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நான் ராத்திரி பதினொண்ணு வரைக்கும் இருந்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதுதான் பசிச்சதே ஞாபகம் வந்துச்சு, டைரி எழுதிக்கிட்டு இருந்திருந்தா டிக் போட்டிருப்பேன்.

டைரி இப்ப என்கிட்ட இல்ல. ரெண்டு வாரத்துக்கு அப்புறம் காலியா இருந்த பக்கத்த பாத்துட்டு வீட்டம்மா எடுத்துக்கிட்டா, அடுப்படில ஆணில தொங்குது, அதுக்கு இருபத்தி நாலாயிரம் டைரினு பேரு. வருஷம் முடிஞ்சும் தூக்கிப் போடல, தேதிய மட்டும் அடிச்சுட்டு பால் கணக்கு எழுதுறா. நேத்து சும்மா பொரட்டிப் பாத்தேன். என் கையெழுத்துல உசிலம்பட்டி, நாலு பத்துல இருந்து அஞ்சு நாப்பது, ஒரு டிக். நாலு தாள் தள்ளி அவ கையெழுத்துல ஒரு லிட்டர், அர லிட்டர், தயிர் பத்து ரூபா. அவளும் டிக்தான் போடுறா, பால்காரர் வந்த நாளுக்கு.